தேதிக் கணக்கு: டேட்டாபேஸ் உண்மையில் எதை எண்ணுகிறது?

முதல் நேரம் 2023 டிசம்பர் 31, இரவு 11:59. இரண்டாவது நேரம் 2024 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி 12:01. இடையே கழிந்தது வெறும் 2 நிமிடம். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருடம் என்று, மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரில் தேதிகளின் வித்தியாசத்தைச் சொல்லும் டேட்டிஃப் ஃபங்ஷனிடம் கேட்டுப் பாருங்கள். 1 என்று சொல்லும். மாதம் கேட்டாலும் 1, நாள் கேட்டாலும் 1, மணி கேட்டாலும் 1. நிமிடம் என்று கேட்டால்தான் நாம் எதிர்பார்த்த 2 வரும்.

இது பிழை இல்லை. அந்த ஃபங்ஷன் கழிந்த நேரத்தை அளப்பதே கிடையாது. இரண்டு நேரங்களுக்கு நடுவில் எத்தனை வருட எல்லை, எத்தனை மாத எல்லை, எத்தனை நாள் எல்லை தாண்டப்பட்டது என்று எண்ணிச் சொல்கிறது. சாலையில் கடந்த தூரத்தை அளக்காமல், வழியில் தாண்டிய மைல்கற்களை மட்டும் எண்ணுவது மாதிரி. ஒரு கல்லுக்கு முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி நடந்தாலும் கணக்கில் ஒரு மைல் ஏறிவிடும்.

தேதி சம்பந்தமான குவெரிகளில், அதாவது டேட்டாபேஸிடம் நாம் எழுதிக் கேட்கும் கேள்விகளில், வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். டேட்டாபேஸ் தப்பாகக் கணக்குப் போடுவதில்லை. நாம் ஒரு கேள்வியை மனதில் வைத்திருப்போம், அது அதற்குப் பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொல்லும். இரண்டு பதில்களும் வருடத்தில் முக்கால்வாசி நாட்கள் ஒன்றாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மாதக் கடைசியிலோ பிப்ரவரி 29-லோ தான் விஷயம் வெளியே வரும்.

வயது என்னும் எளிய கணக்கு

வயதைக் கணக்கிடுவது இதற்கு நல்ல உதாரணம். பிறந்த தேதியும் இன்றைய தேதியும் இருந்தால் போதும், கழித்துவிடலாம் என்று தோன்றும். டேட்டிஃப் வைத்து வருடத்தைக் கழித்தால், டிசம்பரில் பிறந்தவருக்கு ஜனவரி 1-லேயே ஒரு வயது கூடிவிடும். சரி, நாட்களாகக் கழித்து 365.25-ஆல் வகுக்கலாமே என்றால் அதுவும் ஓட்டைதான். 2001 மார்ச் 1-இல் பிறந்த குழந்தைக்கு 2002 மார்ச் 1 அன்று முதல் பிறந்தநாள். ஆனால் நடுவில் உள்ளது 365 நாட்கள். 365-ஐ 365.25-ஆல் வகுத்தால் 0.999 சொச்சம். கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் வயது 0.

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் டைம்ஸ்டாம்ப்டிஃப் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. அது முழுதாக நிறைவடைந்த அலகுகளை மட்டும் எண்ணும். வருடம் என்று கேட்டால் நிறைவடைந்த வருடம். வயதுக்கு நமக்கு வேண்டியது அதுதான். அதே மைஎஸ்கியூஎல்லில் டேட்டிஃப் என்ற பெயரிலும் ஒன்று உண்டு, ஆனால் அது நாட்களை மட்டும்தான் தரும். போதாதற்கு, எஸ்கியூஎல் சர்வரில் தொடக்கத் தேதி முன்னால், முடிவுத் தேதி பின்னால்; மைஎஸ்கியூஎல்லின் டேட்டிஃபில் அது தலைகீழ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் முதல் வாரத்தில் மைனஸ் எண்களைப் பார்த்து முழிப்பது இதனால்தான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஏஜ் என்று நேரடியாகவே ஒரு ஃபங்ஷன் உண்டு. இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று பிரித்துத் தரும்.

எஸ்கியூஎல் சர்வரில் வழக்கமான வழி: டேட்டிஃப் தரும் வருட எண்ணிக்கையை எடுத்து, அதைப் பிறந்த தேதியோடு டேட்ஆட் மூலம் கூட்டிப் பார்ப்பது. வரும் தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருந்தால் பிறந்தநாள் இன்னும் வரவில்லை, ஒன்றைக் குறைத்துக்கொள். இன்னொரு பழைய தந்திரமும் புழக்கத்தில் உண்டு. இரண்டு தேதிகளையும் 20250228 மாதிரி எட்டு இலக்க எண்ணாக்கிக் கழித்து 10000-ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது. பார்க்க ஏமாற்று வேலை போலத் தெரிந்தாலும் சரியாகவே வேலை செய்யும்.

இரண்டும் சரி என்றால் இரண்டும் எப்போதும் ஒரே பதிலைத் தருமா? தராது. 2000 பிப்ரவரி 29-இல் பிறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரி 28 அன்று அவருக்கு என்ன வயது? டேட்ஆட் வழியில், 25 வருடம் கூட்டினால் 2025-இல் 29-ஆம் தேதி இல்லாததால் அது பிப்ரவரி 28-இல் போய் நிற்கும். எனவே அன்றைக்கே 25 ஆகிவிட்டது. எட்டு இலக்க வழியில் 20250228-இலிருந்து 20000229-ஐக் கழித்தால் 249999, வகுத்தால் 24. மார்ச் 1 அன்றுதான் 25 ஆகும்.

எது சரி? அதை டேட்டாபேஸிடம் கேட்டுப் பயனில்லை, சட்டப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். லீப் அல்லாத வருடங்களில் ஹாங்காங் சட்டம் மார்ச் 1-ஐ எடுத்துக்கொள்கிறது, தைவானில் பிப்ரவரி 28. ஒரு குவெரி எழுதுகிறவர் தனக்கே தெரியாமல் இரண்டில் ஒரு நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

மாதத்தின் கடைசி நாள் எங்கே போகிறது

அடுத்தது, நான் பார்த்தவரை எல்லா அலுவலகங்களிலும் ஒருமுறையாவது நடந்திருக்கும் விஷயம். மார்ச் மாத விற்பனை வேண்டும். குவெரியில் தேதி '2024-03-01'-க்கும் '2024-03-31'-க்கும் பிட்வீன் என்று எழுதுகிறோம். பிட்வீன் இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும், அதனால் 31-ஆம் தேதியும் உள்ளே என்று நினைப்போம்.

நெடுவரிசையில் வெறும் தேதி மட்டும் இருந்தால் அப்படித்தான். நேரமும் சேர்ந்திருந்தால் கதை வேறு. '2024-03-31' என்று எழுதியதை டேட்டாபேஸ் 31-ஆம் தேதி நள்ளிரவு 00:00:00 என்றுதான் படிக்கிறது. அன்று காலை 9 மணிக்கு நடந்த விற்பனை அதற்குப் பிந்தியது, ஆகவே வெளியே. மாதத்தின் மொத்தக் கடைசி நாளும் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. மொத்தத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆரக்கிள் டேட்டாபேஸில் இன்னும் ஒரு சங்கடம். அங்கே டேட் என்ற வகையே வினாடி வரை நேரத்தையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்கிறது. பெயரை நம்பி, இது வெறும் தேதிதானே என்று இருந்துவிட முடியாது.

இதைக் கவனித்தவர்கள் அடுத்து செய்வது, முடிவை '2024-03-31 23:59:59' என்று நீட்டுவது. இன்னும் கொஞ்சம் கவனமானவர்கள் 23:59:59.999 என்று எழுதுவார்கள். எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை ஒரு வினாடியை 300 பங்காகத்தான் பிரிக்கிறது. அதாவது சுமார் 3.33 மில்லி வினாடிக்கு ஒரு படி. .999 என்பது எந்தப் படியிலும் உட்காராது, அருகில் உள்ள படிக்கு நகர்த்தப்படும். அந்தப் படி ஏப்ரல் 1, 00:00:00.000. நள்ளிரவு நேரத்தோடு பதிவான ஏப்ரல் 1 விற்பனை எல்லாம் மார்ச் கணக்கில் வந்து விழும். நேரம் இல்லாமல் தேதியை மட்டும் உள்ளிடும் மென்பொருள்களில் எல்லாப் பதிவுக்கும் நள்ளிரவு நேரம்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு முழு நாளின் விற்பனை இரண்டு மாதங்களிலும் எண்ணப்படும்.

அதனால்தான் பழைய குவெரிகளில் .997 என்ற விசித்திரமான எண் தென்படும். அந்த வகையில் ஒரு நாளின் கடைசிப் படி அதுதான். பிறகு யாராவது அந்த நெடுவரிசையை 2008 பதிப்பில் வந்த டேட்டைம்2-க்கு மாற்றுவார்கள். அதன் துல்லியம் 100 நானோ வினாடி. இப்போது .997-க்கும் நள்ளிரவுக்கும் நடுவே விழும் பதிவுகள் எந்த மாதத்திலும் சேராது.

இந்த ஓட்டத்தையே நிறுத்த ஒரு வழி இருக்கிறது, எளிமையானதும் அதுதான்: மார்ச் 1-க்குச் சமமாகவோ பிந்தியதாகவோ இருக்க வேண்டும், ஏப்ரல் 1-க்கு முந்தியதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் >=, முடிவில் < மட்டும். மாதத்துக்கு 28 நாளா 31 நாளா என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. துல்லியம் மில்லி வினாடியா நானோ வினாடியா என்பதும் ஒரு பொருட்டில்லை. ஒரு காலப்பகுதி முடியும் புள்ளியிலேயே அடுத்தது தொடங்குவதால் இடைவெளியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை. நேரம் கலந்த நெடுவரிசையில் பிட்வீன் போடுவதை நான் எங்கே பார்த்தாலும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இந்தத் தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்ற முறை வேறோர் இடத்திலும் கைகொடுக்கும். அறை முன்பதிவு மாதிரியான டேபிளில் இரண்டு முன்பதிவுகள் மோதுகின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கும். முதலாவது இரண்டாவதின் உள்ளே இருந்தால், இரண்டாவது முதலாவதின் உள்ளே இருந்தால், இடப்பக்கம் ஒட்டினால், வலப்பக்கம் ஒட்டினால் என்று நான்கு நிபந்தனைகளை, 'அல்லது' என்று பொருள்படும் ஆர் போட்டு எழுதுபவர்கள் உண்டு. தேவையே இல்லை. ஒவ்வொன்றும் மற்றது முடிவதற்கு முன் தொடங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மோதல். இரண்டே ஒப்பீடுகள். 10-ஆம் தேதி ஒருவர் காலி செய்து அதே 10-ஆம் தேதி இன்னொருவர் வந்தால் மோதல் இல்லை என்பதும் தானாகவே சரியாக வரும். போஸ்ட்கிரெஸ்ஸில் 9.2 பதிப்பிலிருந்து தேதி வீச்சு என்றே தனி வகை இருக்கிறது. எழுதும்போது எப்படி எழுதினாலும் அது உள்ளுக்குள் தொடக்கம் சேர்த்து, முடிவு சேர்க்காத வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். மோதும் பதிவை உள்ளேயே விடாதே என்று டேபிளின் மேல் கட்டுப்பாடும் போடலாம். டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலையும் 2011-இல் காலப்பகுதிகளைச் சேர்த்தபோது இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது.

ஜனவரி 31-உடன் ஒரு மாதம்

நாட்களைக் கூட்டுவதில் சிக்கல் குறைவு. மாதத்தைக் கூட்டுவதில்தான் ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு பக்கம் போகிறது. 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் என்ன வரும்?

எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் மூன்றும் பிப்ரவரி 29 என்கின்றன. 31 இல்லை, ஆகவே அந்த மாதத்தின் கடைசி நாளில் நிறுத்திவிடுகின்றன. எஸ்கியூலைட் பிப்ரவரி 31 என்று முதலில் எழுதி, அப்படி ஒரு நாள் இல்லாததால் மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி மார்ச் 2 என்கிறது. ஆரக்கிளில் ஆட்மந்த்ஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் பிப்ரவரி 29. அதே ஆரக்கிளில் இன்டர்வெல் என்று எழுதி ஒரு மாதத்தைக் கூட்டினால், அப்படி ஒரு தேதி அந்த மாதத்தில் கிடையாது என்று பிழை வந்து குவெரியே நின்றுவிடும். மற்ற நாட்களில் ஓடிய வேலை மாதக் கடைசியில் மட்டும் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஆரக்கிளின் ஆட்மந்த்ஸ் இன்னொன்றும் செய்யும். கொடுத்த தேதி மாதக் கடைசி என்றால் வரும் தேதியையும் மாதக் கடைசியாகவே வைக்கும். 2024 பிப்ரவரி 29-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 31. போஸ்ட்கிரெஸ்ஸில் அது மார்ச் 29. கடன் தவணைக்கு ஆரக்கிளின் வழி பொருத்தமாக இருக்கலாம். ஒருவர் 29-ஆம் தேதி சேர்ந்ததால் 29-ஆம் தேதியே கட்டணம் என்றால் போஸ்ட்கிரெஸ் வழி. இங்கே எதையும் தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குவெரியை மட்டும் மொழிமாற்றினால் இந்த நடத்தை கூடவே வராது.

மாதாமாதம் வரும் கட்டணத் தேதியை எழுதும்போது இதைவிட நுட்பமான ஒரு பள்ளம் இருக்கிறது. போன மாதத் தேதியை எடுத்து ஒரு மாதம் கூட்டு என்பது இயல்பாகத் தோன்றும் வழி. ஜனவரி 31-இல் தொடங்கினால் பிப்ரவரி 29 வரும். அதோடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 29. பிறகு ஏப்ரல் 29, மே 29. 2025 பிப்ரவரியில் அது 28 ஆகும், அதன்பின் என்றென்றும் 28-தான். தேதி கீழே இறங்குமே தவிர திரும்ப ஏறாது. தொடக்கத் தேதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதோடு 1 மாதம், 2 மாதம், 3 மாதம் என்று கூட்டிக்கொண்டே போனால் பிப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31 என்று சரியாக வரும். இரண்டு முறை ஒரு மாதம் கூட்டுவதும் ஒருமுறை இரண்டு மாதம் கூட்டுவதும் ஒன்றல்ல. பள்ளிக் கணக்கில் பழகிய கூட்டல் விதி நாட்காட்டியில் செல்லுபடியாகாது.

வருடத்தைக் கூட்டுவதிலும் கையால் எண்ணைத் தொடக் கூடாது. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் சேவை பல மணி நேரம் தடுமாறியது. காரணம், ஒரு சான்றிதழின் காலாவதி நாளைக் கணக்கிட அன்றைய தேதியை எடுத்து வருடத்தில் மட்டும் 1-ஐக் கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்றொரு நாள் இல்லாததால் சான்றிதழ் உருவாக்குவதே தோல்வி அடைந்தது. வருடம், மாதம், நாள் என்று துண்டுகளாக்கி, துண்டைத் திருத்தி, மறுபடி ஒட்டும் எந்தக் குவெரியும் இதே இடத்தில் மாட்டும்.

கணக்கை எந்தப் பக்கம் வைப்பது

பதில் சரியாக இருந்தும் குவெரி ஊர்ந்து போவது உண்டு. 2024-ஆம் வருடப் பதிவுகள் வேண்டும் என்று நெடுவரிசையின் மேல் இயர் ஃபங்ஷனைப் போட்டு, அது 2024-க்குச் சமமா என்று கேட்கிறோம். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் தேடலை விரைவாக்க அந்த நெடுவரிசைக்குப் போட்டு வைத்திருக்கும் அட்டவணையான இண்டெக்ஸ் தேதி வரிசையில் அடுக்கியது, வருட எண் வரிசையில் அல்ல. ஃபங்ஷனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது டேட்டாபேஸுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பதிவாக எடுத்து, வருடத்தைக் கணக்கிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு கோடிப் பதிவு என்றால் ஒரு கோடித் தடவை.

2024-01-01-க்குச் சமம் அல்லது பிந்தியது, 2025-01-01-க்கு முந்தியது என்று எழுதினால் இண்டெக்ஸில் தொடக்கப் புள்ளிக்கு நேரே போய், முடிவுப் புள்ளி வரை படித்து நிறுத்திவிடும். இதே தர்க்கம்தான் 30 நாள் தாண்டிய நிலுவைகளைத் தேடும்போதும். நெடுவரிசையோடு 30 நாளைக் கூட்டி இன்றைக்கு முந்தியதா என்று கேட்காமல், இன்றிலிருந்து 30 நாளைக் கழித்து, நெடுவரிசை அதற்கு முந்தியதா என்று கேளுங்கள். கணிதத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் இரண்டாவதில் கழித்தல் ஒரே தடவை நடக்கிறது, நெடுவரிசை தொடப்படாமல் இருக்கிறது.

விதிவிலக்குகள் இருக்கின்றன. எஸ்கியூஎல் சர்வரில் நேரத்தை உதறித் தேதியாக மாற்றும் காஸ்ட் இருந்தாலும் இண்டெக்ஸைப் பயன்படுத்திக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ்ஸிலும், 8.0.13 பதிப்பிலிருந்து மைஎஸ்கியூஎல்லிலும் ஃபங்ஷனின் விடைக்கே இண்டெக்ஸ் போடலாம். அவை தேவைப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு, ஆனால் முதல் மருந்தாக எடுக்க வேண்டியதில்லை.

மாதத்தின் முதல் நாளைக் கண்டுபிடிக்க போஸ்ட்கிரெஸ்ஸில் டேட்டிரங்க், ஆரக்கிளில் டிரங்க். எஸ்கியூஎல் சர்வரில் டேட்டிரங்க் 2022 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு எழுதிய குவெரிகளில், 0-இலிருந்து எத்தனை மாதம் என்று டேட்டிஃபில் எண்ணி, அத்தனை மாதங்களை மறுபடி 0-உடன் கூட்டும் ஒரு சூத்திரம் இருக்கும். அங்கே 0 என்றால் 1900 ஜனவரி 1. முதல் முறை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். கட்டுரையின் தொடக்கத்தில் நம்மை ஏமாற்றிய அதே எல்லை எண்ணும் குணம்தான் இங்கே வேலையைச் செய்து கொடுக்கிறது. மாதத்தில் எந்த நாளாக இருந்தாலும் தாண்டிய மாத எல்லைகள் அதே எண்ணிக்கைதான், எனவே திரும்பக் கூட்டும்போது மாத முதல் நாள் வந்து நிற்கிறது.

எந்த ஊர் நள்ளிரவு?

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே இடத்தில் ஒரே கடிகாரம் என்று வைத்துக்கொண்டு. நேர மண்டலம் உள்ளே வந்தால் நாள் என்ற சொல்லே ஆட்டம் காணும்.

சர்வர் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமான யூடிசியில் சேமிக்கிறது என்று வைத்துக்கொள்வோம், நல்ல பழக்கம்தான். டோக்கியோ கிளையின் 2024 மார்ச் மாத அறிக்கை வேண்டும். டோக்கியோ யூடிசியை விட 9 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவர்களுடைய மார்ச் 1 யூடிசி கணக்கில் பிப்ரவரி 29 மாலை 3 மணிக்கே தொடங்கிவிடுகிறது. சேமித்த நேரத்தை அப்படியே நாள்வாரியாகத் தொகுத்தால் மார்ச் 1-இன் முதல் 9 மணி நேரம் பிப்ரவரியில் போய்ச் சேரும், ஏப்ரல் 1-இன் முதல் 9 மணி நேரம் மார்ச்சில் வந்து ஒட்டிக்கொள்ளும். மொத்தம் ஏறக்குறைய ஒத்துவருவதால் கண்டுபிடிப்பது கடினம். தொகுப்பதற்கு முன்பே உள்ளூர் நேரத்துக்கு மாற்ற வேண்டும், பிறகல்ல.

போஸ்ட்கிரெஸ்ஸில் நேர மண்டலத்துடன் கூடிய டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வகை இருக்கிறது. பெயரைப் பார்த்தால் மண்டலத்தையும் சேர்த்துச் சேமிப்பது போலத் தோன்றும். சேமிப்பதில்லை. உள்ளே வரும் நேரத்தை யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, வெளியே காட்டும்போது இணைப்பில் அமைத்திருக்கும் மண்டலத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. எனவே ஒரே குவெரியை இரண்டு பேர் ஓட்டி இரண்டு தேதி பார்க்கலாம். மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் இப்படி மாற்றும், டேட்டைம் மாற்றாது. எழுதியது எழுதியபடி இருக்கும். அந்த டைம்ஸ்டாம்ப் வகைக்கு 2038 ஜனவரி 19, யூடிசி அதிகாலை 3:14:07 வரைதான் ஆயுள் என்பதையும் மறக்கக் கூடாது. 20 வருடக் கடனின் முடிவுத் தேதியை அதில் வைக்க இன்றைக்கே முடியாது.

கோடை நேரம் கடைப்பிடிக்கும் நாடுகளில் ஒரு நாளுக்கு 24 மணி என்பதும் உறுதியில்லை. நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3-க்குத் தாவியது. அந்த நாளுக்கு 23 மணிதான். நியூயார்க் மண்டலத்தை அமைத்துக்கொண்டு, மார்ச் 9 மதியம் 12 மணியோடு போஸ்ட்கிரெஸ்ஸில் 1 நாள் கூட்டினால் மறுநாள் மதியம் 12. 24 மணி நேரம் கூட்டினால் மதியம் 1. நாளைக்கு இதே நேரம் நினைவூட்டு என்பதற்கு முதலாவது, மருந்தை 24 மணி நேரம் கழித்துக் கொடு என்பதற்கு இரண்டாவது. அதே வருடம் நவம்பர் 3 அதிகாலை 1:30 அங்கே இரண்டு முறை வந்தது. உள்ளூர் நேரத்தை மட்டும் சேமித்தால் எந்த 1:30 என்று பிறகு சொல்லவே முடியாது. சமோவா 2011-இல் தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறியபோது டிசம்பர் 30 என்ற நாளே அந்நாட்டில் இல்லாமல் போனது.

நடந்து முடிந்தவற்றுக்கு யூடிசி போதும். வரப்போகும் சந்திப்புகளுக்கு என் கருத்தில் உள்ளூர் நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் சேர்த்து வைப்பதே நல்லது. இடையில் அரசு ஒன்று கோடை நேர விதியை மாற்றினால், முன்பே யூடிசிக்கு மாற்றி வைத்த சந்திப்புகள் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விடும்.

சில்லறைத் தொல்லைகள்

வாரக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ முறையில் வருடத்தின் முதல் வியாழக்கிழமை வரும் வாரமே 1-ஆவது வாரம். அதனால் 2024 டிசம்பர் 30 என்பது 2025-இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது. வார எண்ணை ஐஎஸ்ஓ முறையில் எடுத்து, வருடத்தைச் சாதாரண முறையில் எடுத்து ஒட்டினால், அந்த டிசம்பர் விற்பனை 2024-இன் முதல் வாரத்தில் போய் உட்காரும். எஸ்கியூஎல் சர்வரில் வாரத்தின் முதல் நாள் எது என்று அமைக்க வசதி உண்டு. ஆனால் டேட்டிஃப் அதைச் சட்டை செய்யாமல் ஞாயிற்றுக்கிழமையில் இருந்துதான் எண்ணும்.

எழுதும் முறையிலும் கண்ணிகள் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் மேற்கோள் குறியை மறந்து 2024-03-04 என்று எழுதினால் அது தேதி அல்ல, கழித்தல் கணக்கு, விடை 2017. ஒரு தேதியோடு வெறும் 1-ஐக் கூட்டினால் அடுத்த நாள் வரும் என்று அங்கே எதிர்பார்க்க முடியாது. ஜனவரி 31 என்றால் 20240132 என்ற எண் வரும். எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகையில், பிரிட்டிஷ் அமைப்பில் இருந்தால் '2024-03-04' ஏப்ரல் 3 ஆகிவிடும். கோடுகளை எடுத்துவிட்டு '20240304' என்று எழுதினால் எந்த அமைப்பிலும் மார்ச் 4-தான்.

இல்லாத நாட்களும் விடுமுறைகளும்

நாள்வாரி விற்பனையைத் தொகுத்தால் விற்பனையே இல்லாத நாள் 0 என்று வராது, வரவே வராது. டேபிளில் இல்லாத நாளை, தொகுக்கும் கட்டளையான குரூப் பை எங்கிருந்து கொண்டுவரும்? வரைபடத்தில் திங்களும் புதனும் ஒட்டி நிற்கும், சராசரி உயர்ந்து தெரியும். இதற்கும், வேலை நாட்களை எண்ணுவதற்கும் ஒரே தீர்வு நாட்காட்டி டேபிள். ஒரு நாளுக்கு ஒரு பதிவு: தேதி, கிழமை, நிதியாண்டு, விடுமுறையா இல்லையா. 30 வருடத்துக்குப் போட்டாலும் 11,000 பதிவுகளைத் தாண்டாது. அதை இடப்பக்கம் வைத்து, இடப்பக்கப் பதிவு எதையும் விடாமல் இணைக்கும் லெஃப்ட் ஜாயின் போட்டால் காலி நாட்களும் வந்து நிற்கும். இரண்டு தேதிகளுக்கு நடுவே வேலை நாட்கள் எத்தனை என்பது வெறும் கவுன்ட் ஆகிவிடும். வார இறுதிகளைச் சூத்திரம் போட்டுக் கழிக்கும் நீளமான குவெரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை விடுமுறைப் பட்டியல் வந்ததும் படுத்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஜெனரேட் சீரீஸ் மூலம் நாட்களை அந்த நேரத்திலேயே உண்டாக்கலாம். ஆனால் விடுமுறையை அது அறியாது.

இன்று என்பது எப்போது

கடைசியாக, கவனத்துக்கு வராத ஒன்று. இரவில் ஓடும் வேலையில் இரண்டு குவெரிகள் இருக்கின்றன, இரண்டிலும் இன்றைய தேதி என்று எழுதியிருக்கிறது. முதலாவது 11:59-க்கு ஓடி, இரண்டாவது 12:01-க்கு ஓடினால் இரண்டும் வேறு வேறு நாளைப் பார்க்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் இப்போதைய நேரத்தைத் தரும் நவ் என்பது டிரான்சாக்ஷன், அதாவது ஒரே தொகுப்பாக நடக்கும் கட்டளைகள், தொடங்கிய நேரத்தையே கடைசி வரை சொல்லும், ஆகவே இரண்டும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் இருந்தால் தப்பிக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் அது ஒவ்வொரு கட்டளை தொடங்கும் நேரம். அங்கேயே சிஸ்டேட் என்று எழுதினால் அந்தக் கணத்தின் நேரம், ஒரே கட்டளைக்குள்ளும் மாறக்கூடியது.

எனவே இன்றைய தேதியைக் குவெரிக்குள் எழுதாமல், வேலை தொடங்கும்போது ஒரு முறை எடுத்து, எல்லாக் குவெரிகளுக்கும் வெளியிலிருந்து கொடுப்பதே நல்லது. நேற்று விழுந்த வேலையை நேற்றைய தேதியோடு மறுபடி ஓட்டவும் இது உதவும். அதைவிட, 2028 பிப்ரவரி 29-ஐ இன்றைக்கே கொடுத்து என்ன வருகிறது என்று பார்த்துவிடலாம்.